ஒன்றரைச் சேலைக் காகிதம்

சங்ககிரி பைபாஸ் ஓரத்துப் பட்டறையில், போன தை மாதம், பழைய ஏர் கிளீனர் எலிமென்ட் ஒன்றை ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பிரித்தேன். மாமாவின் லாரியிலிருந்து கழற்றிப் போட்டது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம், சின்னத் தவில் பருமன். மேல்மூடியை அறுத்து, துளைத்தகட்டு உருளையை உருவிவிட்டு, காகிதத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். மடிப்பு மடிப்பாக வந்தது. பட்டறை வாசலைத் தாண்டியது, வேப்பமரத்தைத் தாண்டியது, டீக்கடை பெஞ்சு வரை போன பிறகும் கையில் மிச்சம் இருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். மடிப்புகளை எண்ணினேன்: 232. ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு முகம், முகத்துக்கு 5 செ.மீ. ஆக 23 மீட்டர் நீளம், 38 செ.மீ. அகலம். எட்டே முக்கால் சதுர மீட்டர் காகிதம். விரித்துப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரைச் சேலை.

அதுவரை அதை ஒரு டப்பா என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்தக் காகிதத்தின் மேல் எங்கள் பக்கத்தில் தீராத பழி ஒன்று உண்டு. “கம்பெனியில போட்டு வர்ற ஏர் கிளீனர் காத்தை அடைக்குது. கழட்டி வெச்சுட்டு ஒரு நடை ஓட்டிப் பாருங்க, வண்டி எப்படி இழுக்குதுன்னு தெரியும்.” நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று லாரியில் பிழைக்கிற எந்த ஊரில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். எங்கள் பக்கத்துப் பேச்சு மட்டுமல்ல இது. அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களும் இதையே சொல்லி, கம்பெனிக் குழாயைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் அகலக் குழாய்களை மாட்டிக்கொள்கிறார்கள். நான் அறுத்த எலிமென்டும் இந்தப் பழியோடுதான் வண்டியைவிட்டு இறங்கியது. அது குற்றவாளியா இல்லையா என்பதை அதன் பிறப்பிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

இதன் மூதாதை ஒரு டிராக்டரில் பிறந்தது. 1915இல் அமெரிக்காவில் பிராங்க் டொனால்ட்சன் என்ற டிராக்டர் விற்பனையாளர், யூட்டா மாநிலத்து விவசாயி ஒருவருக்கு விற்ற வண்டி திரும்பத் திரும்பப் பழுதாவதைப் பார்த்தார். காய்ந்த நிலத்தில் உழும்போது கிளம்பும் புழுதி என்ஜினுக்குள் போய் அரைத்துத் தின்றுகொண்டிருந்தது. கம்பிக் கூடு ஒன்று செய்து, அதன் மேல் துணியைச் சுற்றி, ஒரு கம்பத்தின் உச்சியில், புழுதிக்கு மேலே, காற்று உள்ளே போகும் வாயை வைத்தார். என்ஜின் பிழைத்தது. இன்றைக்கும் நம் லாரிகளின் கேபினுக்குப் பின்னால் யானைத் துதிக்கை தூக்கியது போல ஒரு குழாய் உயர்ந்து நிற்கிறதே, அது அந்தக் கம்பத்தின் வாரிசுதான். தரையை ஒட்டி வரும் காற்றைவிட ஏழெட்டு அடி உயரத்துக் காற்றில் மண் குறைவு.

அதன் பிறகு வெகுகாலம் எண்ணெய்ச் சட்டிகளின் ஆட்சி. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் காமெட், ஜாம்ஷெட்பூரில் 1954இல் தொடங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் என்று அந்தக் காலத்து லாரிகளில் காற்று முதலில் எண்ணெயின் மேல் மோதித் திரும்பி, எண்ணெயில் நனைந்த கம்பிச் சுருளுக்குள் நுழைந்து போகும். கனத்த மண் எண்ணெயில் விழுந்துவிடும். என் தாத்தாவின் வண்டியில் அந்தச் சட்டியைக் கழுவும் வேலை கிளீனர் பையனுடையது. அடியில் தோசைமாவு போலச் சேறு படிந்திருக்கும் என்பார். ஆனால் என்ஜின் மெதுவாக ஓடும்போது காற்றுக்கு வேகம் இருக்காது, மோதலும் இருக்காது. பொடி மண் தப்பித்து உள்ளே போகும். காகிதம் வந்து அந்த ஓட்டையை அடைத்தது.

எலிமென்டின் காகிதம் மரக்கூழில் பிறக்கிறது. நீள நாருள்ள மரமாகத் தேர்ந்தெடுத்துக் கூழாக்கி, எழுதும் தாளைவிட நெகிழ்வாக, நாருக்கும் நாருக்கும் இடைவெளி விட்டுத் தாளாக்குகிறார்கள். அப்படியே விட்டால் மழை ஈரத்தில் ஊறித் தொங்கிவிடும் என்பதால் பிசினில் தோய்த்து, மடித்து, சூட்டில் வேகவைத்து விறைப்பாக்குகிறார்கள். மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தாளில் சின்னச் சின்ன மேடுகளை அழுத்தி வைத்திருப்பார்கள். விரலால் தடவினால் தெரியும். பிறகு உள்ளும் புறமும் துளைத்தகடு, மேலும் கீழும் ரப்பர் போல இறுகும் நுரை மூடி. அந்த நுரை மூடியின் விளிம்புதான் உயிர்நிலை. வீட்டுக் கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் நிலையோடு பொருந்தாவிட்டால் கொசு வரும் அல்லவா, அதே கதைதான்.

தூசியைப் பிடிக்கும் விதத்தைப் பலரும் சல்லடை என்று நினைக்கிறார்கள். சல்லடை இல்லை. நார்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, அது பிடிக்கிற தூசியைவிடப் பெரிது. காற்று அந்த நார்களைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. எடை குறைந்த காற்றுக்கு வளைவு எளிது. கனமுள்ள மண்துகள், கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் வேகமாக வந்த வண்டி போல, வளைய முடியாமல் நாரில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய துகள்களும் அடுத்து வரும் துகளுக்கு நாராகிவிடுகின்றன. புத்தம் புது எலிமென்டைவிடச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய எலிமென்ட் நன்றாக வடிகட்டுவது இதனால்தான். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, லேசாக அழுக்கேறிய எலிமென்டைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

மாமாவின் வண்டி 2518. முதல் இரண்டு எண் எடை, 25 டன். அடுத்த இரண்டு எண் சக்தி, 180 குதிரை. உள்ளே இருப்பது கம்மின்ஸ் என்ஜின்: ஆறு சிலிண்டர், 102 மி.மீ. போர், 120 மி.மீ. ஸ்ட்ரோக், பெருக்கினால் 5,883 சி.சி. டர்போவும் இன்டர்கூலரும் உண்டு. இந்த என்ஜின் மேட்டில் முழு மிதியில் ஏறும்போது எவ்வளவு காற்றை இழுக்கும்? நிமிடத்துக்கு 2,500 சுற்று, டர்போ அழுத்திக் கொடுக்கும் காற்று, இதையெல்லாம் சேர்த்தால் நொடிக்குச் சுமார் 200 லிட்டர். தார் வரும் இரும்புப் பீப்பாய் இருக்கிறதே, அந்த அளவுக் காற்று, நொடிக்கு ஒன்று. ஒரு லிட்டர் டீசலோடு இருபது கிலோவுக்குக் குறையாத காற்றை இந்த என்ஜின் இழுக்கிறது. டேங்கில் டீசல் ஊற்றும்போது நாம் விலை பார்க்கிறோம். அதைவிட இருபத்தைந்து மடங்கு எடையுள்ள இன்னொரு சரக்கு, விலையில்லாமல், அந்தத் துதிக்கை வழியே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் காற்றோடு கொஞ்சம் போய்ப் பார்க்கலாம். ஐந்து அங்குலக் குழாயில் அது நுழையும்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல், சமதளத்தில் லோடு லாரி ஓடுகிற வேகம். ஏர் கிளீனர் டிரம்மின் ஓரமாகச் சாய்ந்து நுழைவதால் உள்ளே சுழல்கிறது. களத்தில் முறத்தால் தூற்றும்போது நெல் ஒரு பக்கமும் பதர் ஒரு பக்கமும் விழுமே, அப்படிச் சுழற்சியில் கனத்த மண் சுவரோரம் ஒதுங்கி, அடியில் தொங்கும் ரப்பர் வாய்க்கு இறங்கிவிடும். பிறகு மிச்சக் காற்று காகிதத்துக்கு வருகிறது. இங்கேதான் அந்த ஒன்றரைச் சேலை தன் வேலையைச் செய்கிறது. 200 லிட்டர் காற்று எட்டே முக்கால் சதுர மீட்டரில் பரவும்போது அதன் வேகம் நொடிக்கு இரண்டே கால் சென்டிமீட்டர். எறும்பு ஊரும் வேகம். லாரி வேகத்தில் வந்த காற்று எறும்பு வேகத்தில் காகிதத்தைக் கடந்து, மறுபக்கம் மீண்டும் லாரி வேகம் எடுக்கிறது. காகிதத்தைப் பார்த்து “இது அடைக்காமல் என்ன செய்யும்” என்று கேட்பவர்கள் காகிதத்தின் நெருக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள், அகலத்தைப் பார்ப்பதில்லை. அகலத்தை மடித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் எனக்கு முன்பே தெரியாது. வண்டி இழுக்க மறுத்ததால் தெரிந்துகொண்டது.

ஐப்பசியில் தொடங்கியது. சங்ககிரியில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு சேலம், ஓமலூர் தாண்டி தர்மபுரி போகிற நடை. சமதளத்தில் வண்டியில் ஒரு குறையும் இல்லை. தொப்பூர் கணவாயில் மேட்டைப் பார்த்ததும் கருப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, ஏற்கெனவே மூச்சு வாங்கும் கிழவர் போல நின்று நின்று ஏறியது. மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இரண்டாவது கேட்டது. டிரைவர் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஏர் கிளீனர் அடைப்பு. ஏழு மாதம் ஓடிய எலிமென்ட், கழற்றியாயிற்று. புதிது போட்டும் அதே புகை. பம்ப்பைக் கழற்றி வேறொரு ஊரில் கேலிப்ரேஷனுக்குக் கொடுத்தோம். நாசில் மாற்றினோம். டர்போவைக் கழற்றிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று மாட்டினார்கள்; அதற்கும் கூலி. இருபத்தெட்டாயிரம் ரூபாய் போனது. இரண்டு மாதத் தவணை கட்டும் நேரத்தில் மாமா தூங்கவில்லை. ஒரு லாரி முதலாளி என்றால் பெரிய மனிதர் என்று வெளியில் நினைப்பார்கள். ஒற்றை வண்டிக்காரருக்கு மேட்டில் இழுக்காத வண்டி என்பது வீட்டுக்குள் நோயாளி இருப்பதற்குச் சமம்.

கடைசியில் எங்கள் பட்டறைக்காரரிடமே திரும்பி வந்தோம். அறுபதைத் தாண்டியவர். கொஞ்ச நேரம் புகையை மட்டும் பார்த்தார். “டீசல் பத்தலைன்னா வண்டி இழுக்காது, ஆனாப் புகையும் வராது கண்ணு. டீசல் போகுது, எரியறதுக்குக் காத்துதான் பத்தல. எங்க மறிக்குதுன்னு அளந்து பார்த்துருவோம்” என்றார். மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் இரண்டு வாங்கி வரச் சொன்னார்.

அவர் செய்ததை எந்த லாரிக்காரரும் செய்து பார்க்கலாம். குழாயைப் பகரம் போல வளைத்து, ஒரு ரீப்பர் கட்டையில் கட்டி, பாதிவரை குங்குமம் கரைத்த தண்ணீர் ஊற்றினார். ஒரு முனை திறந்தபடி. மறுமுனையில் காலி குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை இடையில் கோத்து (தண்ணீர் தப்பித் தவறி டர்போவுக்குப் போய்விடக் கூடாது), அங்கிருந்து நீளக் குழாயை ஏர் கிளீனர் டிரம் கழுத்தில் சிவப்பு காட்டும் இண்டிகேட்டர் இருக்கிற துளையில் சொருகினார். என்ஜின் உறிஞ்ச உறிஞ்ச, குழாயின் ஒரு பக்கம் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் காற்று படுகிற பாடு. கட்டையைக் கேபினுக்குள் என் முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். லோடோடு தொப்பூர்.

மேட்டில் டிரைவர் முழுசாக மிதித்தார். குங்குமத் தண்ணீர் நடுங்கிக்கொண்டே பிரிந்தது. ஒரு சாண். அவ்வளவுதான்.

ஒரு சாண் என்றால் என்ன பொருள் என்பதை எங்கள் ஊர் விவசாயிக்குச் சொல்வது சுலபம். கிணற்றுக்கு மேலே வைத்த மோட்டார் 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை இழுக்கத் திணறும். எவ்வளவு பெரிய மோட்டாராக இருந்தாலும் 34 அடிக்கு மேல் உறிஞ்சி ஏற்றவே முடியாது. ஏனென்றால் தண்ணீரை உண்மையில் மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். அதன் மொத்த பலமே பத்தே கால் மீட்டர் தண்ணீர் உயரம்தான். அந்தப் பத்தே கால் மீட்டரில் துதிக்கை, குழாய், டிரம், காகிதம் எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஒரு சாண். நூற்றுக்கு இரண்டேகால் பங்கு. சென்னைத் துறைமுகத்தில் லோடு ஏற்றிய லாரி சேலம் வந்து சேர்ந்தால், கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம் ஏறியதிலேயே நூற்றுக்கு மூன்று பங்குக் காற்றழுத்தம் குறைந்துபோகிறது. எந்த டிரைவரும் “சேலத்தில் வண்டி இழுக்கவில்லை” என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஊட்டியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைகிறது. அப்போதும் டர்போ வண்டி சமாளிக்கிறது.

டர்போ என்பதில்தான் சூட்சுமம். டீசல் என்ஜினின் சக்தியை முடிவு செய்வது பம்ப் தருகிற டீசல். காற்று எப்போதும் தேவைக்குமேல் இருக்கும்படிதான் கம்பெனி கணக்குப் போட்டிருக்கும். வாசலில் இரண்டு பங்கு குறைந்தால் டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றி ஈடுகட்டிவிடும். டர்போ இல்லாத பழைய வண்டிகளுக்கு அந்த வசதி கிடையாது. அங்கே வடிகட்டி பிடித்து வைத்துக்கொண்டது பிடித்து வைத்துக்கொண்டதுதான். “ஏர் கிளீனரைக் கழட்டினா இழுக்கும்” என்ற பேச்சு அந்தக் காலத்து வண்டிகளில் அடைத்துப்போன எண்ணெய்ச் சட்டிகளைப் பார்த்துப் பிறந்ததாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கழற்றி ஓட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. டிரம்மும் குழாயும் காற்றை வடிகட்டுவதோடு சத்தத்தையும் அடக்குகின்றன. கழற்றியதும் டர்போவின் விசில் நேராகக் காதில் விழுகிறது. விசில் கூடியதும் வேகம் கூடியதாகக் கால் நம்பிவிடுகிறது.

ஒரு சாண்தான் என்றால் புகை எங்கிருந்து வந்தது? பட்டறைக்காரர் டர்போ வாய்க்கு முந்தைய இரும்புக் குழாயைக் கழற்றி, சின்னத் துளை போட்டு, பிசிறு தங்காமல் துடைத்து மாட்டினார். இப்போது அளவு எடுக்கும் இடம் ஏர் கிளீனருக்குப் பக்கத்தில் இல்லை, டர்போவுக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே இருப்பது இரண்டு முழம் ரப்பர் ஹோஸ், வேறொன்றும் கிடையாது. மறுபடி அதே மேடு, அதே லோடு. டிரைவர் மிதித்த நொடியில் குங்குமத் தண்ணீர் கட்டையின் உச்சிக்குப் பாய்ந்து, வளைவைத் தாண்டி, பாட்டிலுக்குள் கொட்டியது. அளவெடுக்கத் தண்ணீரே மிஞ்சவில்லை. டர்போ என்ஜின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு 635 மி.மீ., மூன்று சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அதையெல்லாம் தாண்டியிருந்தது.

ஹோஸை வெளியில் தடவிப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத, விலை மலிவான ஹோஸ். கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தார். உள்தோல் துணியடுக்கிலிருந்து பிரிந்து, உள்ளங்கை அகலத்துக்கு நாக்கு போலத் தொங்கியது. என்ஜின் நின்றிருக்கும்போது அந்த நாக்கு சுவரோடு படுத்துக்கொள்கிறது. மெதுவாக ஓடும்போது லேசாக எழும். மேட்டில் முழு உறிஞ்சலில் எழுந்து நின்று குழாயை மூடிவிடுகிறது. பட்டறையில் வண்டியை நிறுத்தி எத்தனை தடவை பார்த்தாலும் அகப்படாத திருடன். “இத்தனை நாளாக் காயிதத்தைத் திட்டிட்டு இருந்தோம்” என்றார் மாமா. முகத்தில் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கிவிட்டது.

புது ஹோஸ் போட்டதும் டர்போ வாயிலும் ஒரு சாணுக்குச் சற்று மேல்தான் காட்டியது. தொப்பூரை மூன்றாவது கியரில் ஏறினோம். நான் ஒன்று கேட்டேன்: கழற்றிப்போட்ட பழைய எலிமென்டை மாட்டி ஒரு நடை பார்க்கலாமா என்று. பழி போட்டாயிற்று, விசாரிக்க வேண்டாமா? மாட்டினோம். ஒன்றரைச் சாண். வரம்புக்கு இன்னும் ஏறக்குறைய பாதித் தூரம். இண்டிகேட்டர் சிவப்பு காட்டியிருக்கவே இல்லை. இன்னும் சில மாதம் உழைத்திருக்கும்.

அதன் ஏழு மாத வாழ்க்கையைக் காகிதமே சொன்னது. மடிப்பின் அடியில் சங்ககிரிச் சிமென்ட்டின் சாம்பல் நிறம். நெல் உமியின் துணுக்குகள், இரண்டு விட்டில் சிறகுகள், நூல்மில் பக்கம் நின்றதற்குச் சாட்சியாகப் பஞ்சிழை. எல்லாவற்றையும்விட அதிகம், வெள்ளையாக, விரலில் தேய்த்தால் நறநறவென்று உறுத்தும் பொடி: கிரஷரில் ஜல்லி ஏற்றப்போன நாட்களின் கல்தூள். எங்கள் பக்கத்துக் கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினம். கண்ணுக்குத் தெரிகிற மண்ணைவிட, முடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு இருக்கிற தூள்தான் கொடியது. பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். தூள் அங்கே சரியாகப் போய் உட்கார்ந்து, உப்புத்தாள் போலத் தேய்க்கும். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்கள் இதை எவரைவிடவும் நன்றாக அறிந்தவர்கள். கல்லைத் துளைத்து எழும் வெள்ளைப் புகைக்குள் நின்றுகொண்டே அவர்களுடைய என்ஜின்கள் மூச்சு விட வேண்டும்.

ஆகவே கழற்றிவிட்டு ஓட்டுவது என்பது நூற்றுக்கு இரண்டே கால் பங்குக் காற்றுக்காக என்ஜினை அடகு வைப்பது. கொஞ்ச நாளில் ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை வரும், பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிறகு ரிங், லைனர், பிஸ்டன், லட்சக்கணக்கில் என்ஜின் வேலை. கழற்றாமலேயே இதைச் செய்துகொள்கிறவர்கள் இன்னும் அதிகம். பஞ்சர் கடையில் எட்டுக் கிலோ காற்றை எலிமென்டின் மேல் பீய்ச்சுவது, டயரில் தட்டுவது. இரண்டு கிலோவுக்கு மேல் காகிதம் தாங்காது. ஊசித்துளை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் நட்சத்திரம் போல மின்னும். நுரை மூடியின் விளிம்பு நசுங்கினாலும் அதே கேடு. எலிமென்டைத் தாண்டிய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணியில் மண் இருந்தால் என்ஜின் மண் தின்கிறது. நான் அறுத்த காகிதத்தின் உட்பக்கம் ஏழு மாதத்துக்குப் பிறகும் கடையில் வாங்கியபோது இருந்த வெளிர்மஞ்சளாகவே இருந்தது. அதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்கப் பேச்சை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் அங்கே ஓடுவதும் நம் வண்டியின் உடன்பிறப்புதான். இதே 102க்கு 120 கம்மின்ஸ், 1989இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் 160 குதிரைச் சக்தியோடு வந்தது. நான்காண்டுக்குப் பிறகு, 1993இல், டாடாவும் கம்மின்ஸும் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் கம்பெனி தொடங்கின. அமெரிக்காவில் பனிக்காலத்தில் ஸ்டார்ட் ஆவதற்காகக் காற்று போகும் வழியிலேயே சூடேற்றும் கம்பிப் பட்டைகளை வைத்திருப்பார்கள். அந்தப் பட்டையும் அதன் மேல் வளையும் கொம்புக் குழாயும் காற்றை மறிக்கின்றன என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. அவர்களில் ஒரு சாரார் சொல்வது சரி. பம்ப்பைத் திருத்தி, பெரிய டர்போ போட்டு, கம்பெனி கொடுத்த சக்தியை இரண்டு மூன்று மடங்காக்குகிறவர்கள் அவர்கள். காற்று இரட்டிப்பானால் தடை நான்கு மடங்காகும். நம் ஒரு சாண் அங்கே நான்கு சாண். அந்த அளவுக்கு உறிஞ்சுகிற என்ஜினுக்குக் கம்பெனிக் குழாய் நிஜமாகவே நெரிப்புதான். ஆனால் டீசலைக் கூட்டாமல் குழாயை மட்டும் மாற்றுகிறவர் சத்தத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார். அதிலும் வடிகட்டியைத் திறந்தபடி என்ஜின் சூட்டுக்குள் வைத்தால் நஷ்டமே: 35 டிகிரிக் காற்றை விட்டுவிட்டு 60 டிகிரிக் காற்றைக் குடித்தால், அடர்த்தியில் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் போய்விடும். இன்டர்கூலர் அதில் கொஞ்சத்தை மீட்கும், முழுவதையும் அல்ல.

ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் பெட்ரோல் கார்களில் வடிகட்டியை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்தபோதும், கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில் மைலேஜ் குறையவில்லை என்றே கண்டது. மிதித்தால் சீறிப் போகும் வேகம்தான் குறைந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய காரில் மட்டும் எரிபொருளும் கூடுதலாகப் போனது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு நம் லாரிகளிலும் காற்றின் அழுத்தத்தையும் சூட்டையும் சென்சார்கள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஹோஸுக்குள் எழும் நாக்கு அவற்றுக்கும் தெரியாது. விளைவு மட்டும் தெரியும், விளக்கைப் போட்டுச் சக்தியைக் குறைத்துவிடும். காரணத்தைத் தேடிப் பிடிப்பது அப்போதும் ஒரு மனிதரின் வேலை.

காற்றுப் பாதையில் இன்னும் திருடர்கள் உண்டு. வேலைநிறுத்தத்தில் நின்ற வண்டியின் துதிக்கைக்குள் குளவி கட்டிய கூடு. இன்டர்கூலர் தகட்டிடுக்கில் சேறும் எண்ணெயும் கலந்து இறுகிய அடை. கிளாம்ப் தளர்ந்து, டர்போ அழுத்திக் கொடுத்த காற்று உஸ்ஸென்று வெளியேறும் இணைப்பு. கிழிந்துபோய் யாரும் மாற்றாத டிரம்மின் அடி ரப்பர். ஒவ்வொன்றுக்கும் பழி சுமப்பது காகிதம், ஏனென்றால் அழுக்காகத் தெரிவது அது ஒன்றுதான்.

பட்டறைக்காரர் அந்த ஹோஸை எறியவில்லை. பிளந்த வாக்கில் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். “வண்டி இழுக்க மாட்டீங்குதுங்ணா” என்று யார் வந்தாலும் கைபிடித்துக் கூட்டிப்போய் அந்த நாக்கை விரலால் தூக்கிக் காட்டுகிறார்.

காகிதத்தைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். வழியெல்லாம் மடியில் வெள்ளைத்தூள் கொட்டியது. காகிதத்தை இத்தனை நாள் சுமந்து நின்ற துளைத்தகட்டு உருளையைப் பழைய இரும்புக்குப் போடப் பட்டறைப் பையன் கேட்டான். பட்டறைக்காரரின் மனைவி கொடுக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் அவர் வைத்திருக்கும் கறிவேப்பிலைக் கன்றை ஆடு மேய்ந்துகொண்டே இருந்தது. உருளையைக் கன்றின் மேல் கவிழ்த்து, மண்ணில் இரண்டு விரற்கடை அழுத்தி வைத்தார். நாங்கள் கிளம்பும்போது ஆடு வந்து, துளைகளில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, நகர்ந்தது.